வண்டியை எண்ணும் கணக்கு ஒழிக! மனிதரை எண்ணும் கணக்கு வருக!

தம்பி,

பொறியியல் கல்லூரியில் காலடி எடுத்து வைத்திருக்கிறாய். சாலையும் போக்குவரத்தும் என்ற பாடத்தின் முதல் ஏட்டைப் புரட்டுகிறாய். ரோமாபுரியின் சாலை வருகிறது; பிரெஞ்சு நாட்டு டிரெசாகே வருகிறார்; பிரிட்டனின் டெல்ஃபோர்டு வருகிறார்; மெக்காடம் வருகிறார். வரட்டும், வாழட்டும்! அறிவு எந்த மண்ணில் பிறந்தாலும் நமக்கு உறவுதான். ஆனால், ஒன்று கேட்கிறேன். அந்த ஏட்டிலே நீலமலை வந்ததா? குன்னூர் மலைப்பாதை வந்ததா? பர்லியாற்றுக்கு மேலே, பனியிலும் மழையிலும் கல் சுமந்த கூலியின் முதுகு வந்ததா?

"கல்லூரியைப் பாதியிலே விட்டவனுக்குப் பொறியியலில் என்ன வேலை?" என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். கேட்கட்டும். பட்டம் பெற்றவன் போட்ட சாலையிலேதான் பட்டம் பெறாதவனும் பயணம் போகிறான். பள்ளத்திலே வண்டி விழுந்தால், பட்டத்தைக் கேட்டுவிட்டா எலும்பு முறிகிறது? சாலை ஊரார் சொத்து. ஆகவே, சாலையைப் பற்றிய பேச்சும் ஊரார் சொத்து.

இன்று நீலமலையைப் பற்றி ஓங்கி ஒலிக்கும் முழக்கம் ஒன்று உண்டு. "சாலையை அகலப்படுத்து! மலையை வெட்டு! மரத்தைச் சாய்! நெரிசல் தீரும்!" என்கிறார்கள். இது பாமரன் பேச்சானால் பொறுத்துக்கொள்ளலாம். படித்தவர் பேச்சாக, பணம் படைத்தவர் பேச்சாக, ஆண்டுதோறும் கோடைக்குக் கோடை உரத்துக் கேட்கும் பேச்சாக இருக்கிறதே! அந்தப் பேச்சைப் பொறியியல் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம், வா.

ஏறிய பாதையும் ஏற்றிய கைகளும்

கோவை மாவட்டக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலமலை ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஏறும் பாதை 1823-இல் முடிந்தது. அதற்கு முன்பு அந்த மலைக்குப் பாதையே இல்லையோ என்று எண்ணிவிடாதே. தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் நடந்து நடந்து தேய்த்த தடங்கள் இருந்தன. துரைமார் வந்து 'கண்டுபிடித்த' மலையில், துரைமாருக்கு வழிகாட்டவே ஆட்கள் இருந்தனர்! சல்லிவன் பாதை வெட்டிய அதே ஆண்டுகளில்தான் பிரிட்டனில் மெக்காடம் தம் சாலை முறையை ஊரறியச் செய்துகொண்டிருந்தார். அவர் சொன்னதன் சாரம் என்ன? சாலையைச் சுமப்பது மேலே கொட்டிய கல் மட்டுமல்ல, அடியிலே உள்ள மண். அந்த மண்ணை ஈரமின்றிக் காத்தால் அது எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பதே. இதை மறவாதே. பின்னால் இதுவே நமக்குச் சாட்சியாக வந்து நிற்கப்போகிறது.

இரும்புப் பாதையின் கதையும் அப்படித்தான். 1854-இல் எண்ணம் எழுந்தது. 1891-இல் வேலை தொடங்கியது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இரயில் ஓடியது. 1908-இல் உதகையைத் தொட்டது. 46 கிலோ மீட்டர் தூரம், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறியாக வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். ஆகவே, நடுவிலே பற்கள் கொண்ட இரட்டைத் தண்டைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தனர். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. குகைக்கு எண் உண்டு, பாலத்துக்கு எண் உண்டு. குடைந்தவனுக்குப் பெயர் உண்டா? கல்வெட்டிலே துரை, கல்லறையிலே கூலி. இதுதானே அன்றைய நீதி!

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பாதை யாருக்காக? துரைமார் வெயிலுக்கு அஞ்சி ஓடுவதற்காக, தேயிலைப் பெட்டி துறைமுகம் போவதற்காக. அந்தக் காலம் போயிற்று. தமிழ்நாட்டில் பேருந்துகள் பொது உடைமையாயின. 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. கொழுந்து பறிக்கும் தாயும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கும் உழவனும் மலைப்பாதையின் உரிமையாளர் ஆயினர். ஆனால் இன்று? அந்த உரிமையாளர் ஓரமாக நிற்கிறார். உல்லாசக் கார் நடுவிலே நிற்கிறது!

ஏட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

சொல்வது வெறும் உணர்ச்சி அல்ல, கணக்கு. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரம் இது: கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு நீலகிரிக்குள் நுழைந்தவை ஏறத்தாழ 11,500 கார்கள், 1,300 வேன்கள், 600 பேருந்துகள், 6,500 இரு சக்கர வண்டிகள். மொத்தம் 20,000 வண்டிகள்! அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆயிற்று. 2025-இல் நீதிமன்றம் எல்லையும் வகுத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று ஆணை பிறந்தது. வணிகர்கள் கடையடைத்தனர். "எங்கள் பிழைப்பு போயிற்று" என்றனர். அவர்கள் கவலை பொய்யல்ல. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உன் பாடப் புத்தகத்தை எடு. அதிலே ஓர் அலகு சொல்லியிருப்பார்கள். சாலையில் ஓடும் வண்டிகள் பலவகை. ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமே! ஆகவே, ஒரு கார் அடைக்கும் இடத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வர். இரு சக்கர வண்டிக்கு அரை, பேருந்துக்கு மூன்று. மாணவன் இதை மனப்பாடம் செய்கிறான், தேர்வில் எழுதுகிறான், மறந்துவிடுகிறான். அந்த அலகுக்குள்ளே ஒரு புரட்சி ஒளிந்திருப்பதை எத்தனை பேர் கண்டார்கள்?

காருக்கு நான்கு பேர் என்று கொள். 11,500 காரில் வருவோர் 46,000 பேர். அவர்கள் சாலையில் கேட்கும் இடம் 11,500 அலகு. பேருந்துக்கு ஐம்பது பேர் என்று கொள். 600 பேருந்தில் வருவோர் 30,000 பேர். அவர்கள் கேட்கும் இடம் 1,800 அலகு! முப்பதாயிரம் பேர் 1,800 அலகிலே அடங்கி வருகிறார்கள். நாற்பத்தாறாயிரம் பேருக்கு 11,500 அலகு வேண்டியிருக்கிறது. நெரிசலுக்குக் காரணம் யார்? வந்தவர் தொகையா, வந்த வகையா?

"மலைப்பாதையில் பேருந்து மெல்ல ஏறும், வளைவிலே முழுச் சாலையையும் பிடித்துக்கொள்ளும், மூன்று அலகு போதாது" என்பாய். நல்ல கேள்வி, பொறியாளன் கேட்க வேண்டிய கேள்வி. இரட்டிப்பாக்கு, ஆறு என்றே வைத்துக்கொள். காரில் வந்த 46,000 பேரும் பேருந்திலே வந்தால் 920 நடைகள் வேண்டும். ஆறால் பெருக்கு: 5,520 அலகு. அப்போதும் கார் கேட்ட இடத்தில் பாதிகூட இல்லை! ஒரு பேருந்து நாளில் இருமுறை மலையேறினால் 460 பேருந்து போதும். மலையை வெட்ட வேண்டாம், மரத்தைச் சாய்க்க வேண்டாம், வருவோரை விரட்டவும் வேண்டாம். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்!

மலையின் சட்டம்

"அகலப்படுத்தினால் கெட்டா போய்விடும்?" என்கிறார்கள். கெட்டுத்தான் போகும். ஏன் என்று கேள்.

சமவெளிச் சாலையை இருபுறமும் விரிக்கலாம். மலைச் சாலைக்கு ஒருபுறம் சுவர், மறுபுறம் பாதாளம். விரிக்க வேண்டுமானால் மேற்சரிவின் காலை வெட்ட வேண்டும். காலை வெட்டினால் உடல் சாயும்; மனிதனுக்கும் அப்படித்தான், மலைக்கும் அப்படித்தான். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவர்? கீழ்ச்சரிவில், ஓடையின் வாயில். மழை பெய்யும்போது நீர் தன் பழைய வழியைத் தேடும், வழி அடைபட்டிருக்கும், சாலையின் அடியிலே புகும். மெக்காடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சொன்னாரே, அடிமண்ணை ஈரமின்றிக் காக்க வேண்டும் என்று! அதற்குத்தான் மலைப்பாதையின் உட்புறத்தில் ஓரக் கால்வாய். அதற்குத்தான் மேற்சரிவில் நீரைத் திருப்பிவிடும் வெட்டு வாய்க்கால். அதற்குத்தான் தாங்கு சுவரில் நீர் கசிய விடும் துளைகள். இவற்றைத் தூர் வாரப் பணமில்லை என்பவன், மலையை வெட்டப் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2009 நவம்பர் 10-ஐ நினைத்துப் பார். கேத்தியிலே ஒரே நாளில் 820 மில்லி மீட்டர் மழை. மலை பல இடங்களிலே பெயர்ந்து வந்தது. வீடு போயிற்று, சாலை போயிற்று, நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 1978-இலும் 1979-இலும் நிலச்சரிவு கண்ட மலை அது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலே ஒரே நாளில் 800 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டிற்று. மலை மறுபடி மறுபடி எச்சரிக்கிறது. மனிதன்தான் மறுபடி மறுபடி மறக்கிறான்.

சரி, வெட்டினாய், விரித்தாய் என்றே வைத்துக்கொள்வோம். நெரிசல் தீர்ந்ததா? அமெரிக்கப் பொருளியலர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே விளக்கினார்: நெரிசல் நேரத்தில், அகலமான சாலையும் நிரம்பும் வரை புதிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் இருபதுக்கும் மேற்பட்ட தடங்களாக விரித்தனர். சில ஆண்டுகளில் நெரிசல் நேரப் பயணம் மீண்டும் நீண்டது. சமவெளியில், பணத்தைக் கொட்டும் நாட்டில், இருபது தடத்தில் தீராத நோய், குன்னூரின் கொண்டை ஊசி வளைவில் ஒரு தடம் கூட்டினால் தீருமா?

வளைவு என்றேன், அதற்கும் ஒரு சட்டம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரசு 1934 முதல் சாலைக்கு இலக்கணம் வகுக்கும் அமைப்பு. கொண்டை ஊசி வளைவுக்கு அது வைத்த இலக்கணம் இது: உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர், வேகம் மணிக்கு 20 கிலோ மீட்டர். வண்டி வெளியே தள்ளப்படாதிருக்க வளைவின் வெளி ஓரத்தை நூற்றுக்குப் பத்து வரை உயர்த்திப் போடுவர். மிச்சத்தை டயரின் உராய்வு தாங்கும். இரண்டும் சேர்ந்து வண்டியின் எடையில் கால் பங்கு அளவுக்குத் தள்ளும் விசையைத் தாங்கலாம் என்பது வடிவமைப்புக் கணக்கு. 20 கிலோ மீட்டரில் அந்தத் தள்ளல் 0.22; அடங்குகிறது. வேகத்தை 40 ஆக்கு. தள்ளல் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும்: 0.90! எந்த டயர் தாங்கும்? எந்தத் தெய்வம் தாங்கும்?

இறங்கும்போதோ இன்னொரு சட்டம். ஏறும்போது செலவிட்ட ஆற்றல் இறங்கும்போது வெப்பமாகத் திரும்புகிறது. ஒன்றரை டன் கார் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பதினைந்து டன் பேருந்தானால் 900 லிட்டர்! காற்றும் சாலையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும். இல்லையேல் பிரேக் தாங்க வேண்டும். மலையறிந்த ஓட்டுநர், ஏறிய கியரிலேயே இறங்குவார்; எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலையறியாதவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். பிரேக் பழுத்துப் பிடியை இழக்கும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குத் தடை போட்டது வீம்புக்கா? 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் பாய்ந்து உயிர்களைப் பறித்ததே! அது பேருந்துக்கு எதிரான சாட்சி அன்று. மலைக்கென்று பழகிய வண்டியும், மலைக்கென்று பழகிய ஓட்டுநரும் வேண்டும் என்பதற்கான சாட்சி.

ஒரு சிறு காட்சி

நாடகம் எழுதும் கை சும்மா இருக்குமா? இதோ ஒரு கற்பனைக் காட்சி. இடம்: பர்லியாறு. காலம்: மே மாதத்து ஞாயிறு. வண்டிகள் அசையாது நிற்கின்றன.

கார்: ஏ பேருந்தே, ஒதுங்கு! வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாயே!

பேருந்து: என் வயிற்றில் ஐம்பது பேர். உன் வயிற்றில்?

கார்: இருவர். அதனால் என்ன? சாலை வரி கட்டியிருக்கிறேன்!

பேருந்து: இருவருக்கு ஓர் இடம், ஐம்பது பேருக்கு மூன்று இடம். அடைத்து நிற்பது யார்?

ஆம்புலன்ஸ்: ஐயா, உங்கள் வழக்கை அப்புறம் பேசுங்கள். கோவை மருத்துவமனைக்கு ஓர் உயிரைக் கொண்டு போகிறேன். வழி விடுங்கள்!

கார்: விட மனம் இருக்கிறது, விட இடம் இல்லையே!

மலை: (மெல்ல) இடம் வேண்டுமா? என்னை வெட்டுங்கள். அடுத்த மழையில் நானே இறங்கி வந்து கணக்குத் தீர்க்கிறேன்.

சிரிக்கலாம், தம்பி. ஆனால் அந்த ஆம்புலன்சின் உள்ளே இருப்பவரின் மகனாக ஒரு நொடி நின்று சிரித்துப் பார். பறித்த கொழுந்து சில மணி நேரத்தில் தொழிற்சாலை சேராவிட்டால் வாடிச் சூடேறித் தரம் கெடும். சிறு தேயிலை விவசாயியின் கூலி அந்த நெரிசலிலே கரையும். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பிய நம் உறவுகள், கூடலூர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளிலே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் போவதற்கு ஒரு பேருந்து. அந்தப் பேருந்தும் சுற்றுலா வெள்ளத்தில் சிக்கினால், வகுப்பு தவறுவது யார் பிள்ளை?

வழி இருக்கிறது

இ-பாஸ் போதுமா? போதாது. அது வாசலில் நிற்கும் காவலாளி. வீட்டுக்கு விளக்கு அல்ல. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் எண்ணுவது இன்னும் வண்டியைத்தான். பேருந்துக்கும் இரயிலுக்கும் அந்த எல்லை பொருந்தாது என்று ஆணையிலேயே வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியை அகலப்படுத்து! அகலப்படுத்த வேண்டியது அதைத்தான்.

கனவா இது? சபரிமலைக்குப் போ. 2018-இல் பக்தரின் வண்டியை நிலக்கல்லில் நிறுத்தினர். அங்கிருந்து பம்பை வரை கேரள அரசுப் பேருந்து. மராட்டியத்து மாதேரனுக்குப் போ. தஸ்தூரியோடு மோட்டார் நிற்கிறது. மலைநகர் மூச்சு விடுகிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போ. கார்கள் தேஷ் என்னும் ஊரிலே நிற்கின்றன, அங்கிருந்து இரயில். பயணிகள் குறைந்தார்களா? உலகமெல்லாம் அங்கே குவிகிறது!

வணிகப் பெருமக்களே! உங்கள் கடையிலே தேயிலை வாங்குவது காரா, காரில் வரும் மனிதரா? வர்க்கி தின்பது டயரா, வாயா? பேருந்து ஐம்பது வாயைக் கொண்டு வருகிறது. உங்கள் கடை முன்னே கார் நிற்கும் இடத்தில் நடைபாதை வந்தால், நடப்பவர் நிற்பார், நிற்பவர் வாங்குவார். நீங்கள் எதிர்க்க வேண்டியது எல்லையை அன்று. எல்லை போட்டுவிட்டுப் பேருந்து விடாத போக்கை!

"வயதான தாயை, கைக்குழந்தையை, பேருந்திலா ஏற்றுவது?" என்பார் ஒருவர். இயலாதவர்க்கு விலக்கு இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லி இயன்றவர் ஒளிந்துகொள்ளாதிருக்கட்டும். "மேட்டுப்பாளையத்திலே அத்தனை காரையும் நிறுத்தினால் அந்த ஊர் என்னாவது?" என்பார் மற்றொருவர். நியாயம். ஒரே ஊரின் தலையில் சுமையைக் கட்டக் கூடாது. கோவையிலேயே, திருப்பூரிலேயே, மைசூர்ச் சாலையிலேயே நேரே மலைக்கு ஏறும் பேருந்து வேண்டும். மலைமேல் ஊருக்கு ஊர் சிற்றுந்து வேண்டும். மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் சமவெளியில் வந்து, 2024-இல் மலைக்கும் ஏறியது. ஏறிய சலுகை பயன் தர வேண்டுமானால், ஏறிச்செல்லப் பேருந்து வேண்டாமா?

ஆகவே தம்பி, நாளை நீ அளவு நாடாவோடு மலையேறுவாய். கோப்பு ஒன்றை உன் முன் வைப்பார்கள். 'நாளொன்றுக்கு வண்டி எத்தனை?' என்று முதல் வரியிலே அச்சிட்டிருக்கும். அந்த வரியை அடித்து, 'நாளொன்றுக்கு மனிதர் எத்தனை?' என்று எழுது. இரண்டாவது வரியில், 'மழைநீர் எந்த வழியே போகிறது?' என்று எழுது. மூன்றாவது வரியில், 'இந்தச் சாலையோரத்தில் வாழ்பவர் யார்?' என்று எழுது. மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும். இந்த மூன்றுக்கும் விடை தராத எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போடாதே!